அடிபடாத வண்டி

செஞ்சி வெயிலுக்கும் கறுப்புக்கும் ஜென்மப் பகை. குடைத்துணியாகட்டும், செருப்பு வாராகட்டும், மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர் டேங்க் ஆகட்டும், ஒரு கோடை தாண்டினால் சாம்பல் பூத்துவிடும். மலை என்று பேர்தானே தவிர, பாறையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும் ஊர். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு பாறை திருப்பிக் கொடுக்கும். இங்கே மனுஷன் வெளுக்காமல் இருப்பதே பெரிய காரியம்.

மலையடிக் காலனியில் பீமாராவின் வாடகைக் கார் போன கோடை முழுக்க நின்றது. இந்தக் கோடையிலும் நின்றது. வெள்ளைக் கார். விலை கூடிய மாடல் என்றால் பம்பருக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். இது அடி மாடல். முன்பம்பர், பின்பம்பர், பக்கக் கண்ணாடியின் மூடி, கதவோரப் பட்டை எல்லாம் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். வெள்ளை பெயிண்ட் எப்படியோ தப்பித்துக்கொண்டது. கறுப்பெல்லாம் வெளுத்து, அடுப்புச் சாம்பலில் படுத்து எழுந்த நாய் மாதிரி ஆகிவிட்டது வண்டி.

ஏன் நிற்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பீமாராவ் ஒரே பதிலைச் சொன்னான். "கியர் பாக்ஸ் போயிடுச்சு. சாமான் வரணும்." கூட்டுரோடு கார் ஸ்டேண்டில் இருக்கிற டிரைவர்கள் அதை நம்பினார்கள். மேல்மலையனூருக்கு அமாவாசைக்கு அமாவாசை அவன் வண்டியிலேயே போய்ப் பழகினவர்கள் போன் போட்டுக் கேட்டு, உச்சுக் கொட்டிவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். கியர் பாக்ஸுக்கு ஒன்றும் இல்லை என்பது பீமாராவுக்கும் அவன் பெண்டாட்டி மகாலட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும்.

கோளாறு பீமாராவிடம் இருந்தது. அவனுக்கு வலிப்பு.

முதல் தடவை வீட்டில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. வெயில் மயக்கம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாவது தடவை பனமலையில். ஸ்டேண்டில் மூத்த டிரைவர் கோவிந்தசாமியின் பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து. கோவிந்தசாமி வேறு சவாரியில் இருந்ததால் குடும்பத்தை பீமாராவ் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். எல்லோரும் மலைமேல் கோயிலுக்குப் போன நேரத்தில், ஏரிக்கரைப் புளிய மரத்தடியில் இவன் விழுந்தான். கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம், சட்டையெல்லாம் மண். யாரும் பார்க்கவில்லை. ஏரித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, கீழே இறங்கி வந்த குடும்பத்தை, சின்னப் பிள்ளைகள் உட்பட, ஏற்றிக்கொண்டு செஞ்சி வரைக்கும் ஓட்டி வந்துவிட்டான்.

அன்று ராத்திரி மகாலட்சுமி வைத்த கருவாட்டுக் குழம்பை அவனால் வாயில் வைக்க முடியவில்லை. நாக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஓரமாகக் கடிபட்டு வீங்கிக் கிடந்தது. அப்போது பிடித்த பயம் அவளை இன்னும் விடவில்லை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பயப்பட வேண்டாம். சவாரி வண்டி மட்டும் இனிமேல் தொடக்கூடாது. இதில் முதல் பாதி பீமாராவின் ஒரு காதில் போய் மனதில் தங்கியது. இரண்டாவது பாதி, ‘இனிமேல்’ என்பது ‘இப்போதைக்கு’ என்று மாறித்தான் மறு காதில் போய்ச் சேர்ந்தது.

மகாலட்சுமிக்குக் கமிட்டியில் வேலை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் ஏலத்துக்கு வந்து குவிகிற இடம். காயவைப்பது, தூற்றுவது, மூட்டை பிடிப்பது என்று நாள் முழுக்க நிற்பாள். நிற்கிற நேரமெல்லாம் மனசு வீட்டு வாசலில் இருக்கிற காரைத்தான் சுற்றும். சாவி அவன் அரைஞாணில் இருந்தது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் எடுப்பான். எடுத்தால் தனியாகவா எடுப்பான்? நாலு பேரை ஏற்றிக்கொண்டுதான் போவான். ராசிக்காக வண்டியை அவள் பேரில்தான் வாங்கியிருந்தான். அந்தத் தைரியத்தில் கோவிந்தசாமியிடம் போய், "வண்டிய குடுத்துடலாம்னு இருக்கறோம்ணா, ஆளு இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். தொண்டூரில் ஒரு பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் என்றார் அவர். புருஷனிடம் மட்டும் அவள் மூச்சு விடவில்லை.

சாம்பல் பூத்த வண்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கமிட்டியில் கூட வேலை செய்கிற ஷோபனா, எண்ணெய் தடவினால் கறுத்துவிடும் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை வேலை இல்லை. மகாலட்சுமி மல்லாட்டை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து பம்பர் முழுக்கத் தேய்த்தாள். மின்னியது பாருங்கள்! ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கின மாதிரி இருந்தது. பெருமையாகப் பார்த்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். எதிர்வீட்டில் முற்றத்தில் மல்லாட்டை உடைத்துத் தோலைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்ததை அவள் யோசிக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் தோலும் தூசும் ஒன்றாக அப்பி, பம்பர் மாவில் புரட்டிய மீன்துண்டு மாதிரி நின்றது.

பீமாராவ் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னா மகாலு இது?"

"பாத்தா தெரில? கறுப்பாக்குறன்."

"மல்லாட்ட எண்ணெயா?"

"வூட்ல அதானே இருக்குது."

"வெங்காயம் அரிஞ்சி போடு. ராத்திரிக்கு வதக்கிடலாம்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே சொல்லியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது என்று. சொல்லவில்லை.

"ஸ்டேண்டுல பசங்க டீசல தொட்டுத் தேப்பானுங்க. கல்யாண சவாரின்னா ஷூ பாலிஷ் போடுவானுங்க. எல்லாம் ஒரு நா கூத்து," என்றான் அவன். "மேல பூசறதால இன்னா வரும்? வெயிலு மேல் தோலத்தான் தின்னுருக்குது. கறுப்பு உள்ள அப்படியேதான் இருக்குது. பதமா சூடு காட்னா தானா மேல வரும்."

மறுநாள் விடிந்ததும் ஆளே மாறிப்போனான். மாதக்கணக்கில் கட்டிலே கதி என்று கிடந்தவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சோப்புத்தூளும் நைலான் பிரஷுமாக இறங்கிவிட்டான். எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவினான். ஓரங்களில் சரியாகக் கை போகவில்லை என்று இரண்டு பம்பரையும் கழற்றினான். வெயிலில் முறுகியிருந்த கிளிப்புகள் பட்பட்டென்று உடைந்தன. கூட்டுரோட்டுக் கடைக்குப் போய்ப் புதுக் கிளிப்பு வாங்கி வந்தான். வருகிற வழியில் ஸ்டிக்கர் கடை எழிலனிடம் ஹீட் கன்னும் இரவல் வாங்கி வந்தான். பார்க்கத் தலைமுடி காயவைக்கிற மெஷின் மாதிரிதான் இருக்கும். தலையில் காட்டினால் முடி கருகிவிடும்.

ஸ்விட்சைப் போட்டு அவன் அதைக் கையில் எடுத்ததும் மகாலட்சுமி அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"குடு, நான் புடிக்கறன்."

"ஒனக்கு இன்னா தெரியும்?"

"நீ சொல்லு, நான் செய்யறன்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கையில் நெருப்புக் காற்றோடு விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைத்ததை அவள் முகமே சொன்னது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"நாலு விரக்கட தள்ளிப் புடி. ஆட்டிக்கினே இரு. ஒரே எடத்துல நிறுத்தின, பிளாஸ்டிக்கு இளகித் தொங்கிடும். ம்... அப்படித்தான். பாரு, வருது பாரு."

வந்தது. காற்று போன வழியெல்லாம் சாம்பல் நிறம் மறைந்து, ஈரத்துணி பட்ட கரும்பலகை மாதிரிக் கன்னங்கரேல் என்று மேலே எழும்பியது. அவளுக்கு அதிசயமாக இருந்தது. வெயில் கெடுத்ததை இன்னொரு சூடு சரி பண்ணுகிறதே என்று வாய்விட்டே சொன்னாள். அவன் துணியால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். நடுவில் கரண்ட் போனது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து பழைய சோற்றுக்கு மோர்மிளகாய் கடித்துச் சாப்பிட்டார்கள். கரண்ட் வந்ததும் மறுபடியும் ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் இரண்டு பம்பரும் முடிந்தன. புதுக் கிளிப்பு போட்டு மாட்டிவிட்டு அவன் தள்ளி நின்று பார்த்தான்.

"கதவுப் பட்டையும் கண்ணாடியும் முடிஞ்சிட்டா தீந்துச்சு. ஆடி அமாவாசைக்கு எடுத்துடலாம்."

"எத?"

"வண்டியதான். மலையனூருக்கு மட்டும். தோ இருக்கற தூரம். மாத்திரதான் போடறனே, இத்தினி நாளா இன்னா வந்துச்சு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விற்கிறதுக்காக அவள் கறுப்பாக்கினாள். ஓட்டுகிறதுக்காக அவன் கறுப்பாக்கியிருக்கிறான்.

ஹீட் கன்னை அணைத்துக் கீழே வைத்தாள். "நாளைக்கி தொண்டூர்லேர்ந்து ஆளு வருது. வண்டி பாக்க."

"எந்த வண்டி?"

"இந்த வண்டி."

"யார கேட்டு?"

"யாரயும் கேக்கல. எம் பேர்லதானே இருக்குது?"

பீமாராவ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "இருபது வருசமா ஒரு கீறல் வாங்காதவன் நானு. ஸ்டேண்டுல போயி கேளு," என்றான். "வண்டி இல்லாத நான் இன்னாத்துக்குடி?"

"நீ இல்லாத வண்டி இன்னாத்துக்கு?" என்றாள் அவள். "பனமலையிலேர்ந்து வந்தியே, கொழந்தைங்கள வச்சிக்கினு. வழியில வந்திருந்தா? அத நெனச்சா எனக்கு சோறு எறங்கல. கமிட்டியில மூட்ட புடிக்கசொல்லோகூட அதான் கண்ணுல நிக்குது. எனக்கு பயமா இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. பயமா இருக்குது."

அவன் எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மீதிப் பட்டையையும் கண்ணாடி மூடிகளையும் அவள் தனியாகவே செய்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஆட்டிக்கொண்டே இரு என்று சொன்னது மட்டும் மறக்கவில்லை. ஓர் இடம்கூட இளகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தசாமி இரண்டு பேரோடு வந்தார். வண்டி கேட்ட பையன் அரிகிருஷ்ணன். தொண்டூரில் நிலம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை, வண்டி ஓட்டிப் பிழைக்கலாம் என்று வந்தவன். கூட வந்தவர் ராஜாங்கம், மெக்கானிக். வண்டி பார்க்க மெக்கானிக்கை அழைத்து வருகிறவன் விவரமானவன் என்று காலனி ஜனம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றது. மகாலட்சுமி டீ கொண்டுவந்து கொடுத்தாள். பீமாராவ் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். வாங்க என்று சொன்னதோடு சரி. சாவியைக் கேட்டதும் அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான்.

ராஜாங்கம் இன்ஜினைப் போட்டுக் கேட்டார். கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இறங்கி வந்து முன்பம்பரை விரலால் சுண்டினார். குந்தி அடியில் பார்த்தார். பின்பக்கம் போய் அங்கேயும் குந்தினார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இது எந்த வருசத்து வண்டி கோவிந்தசாமி? பம்பரு ரெண்டும் புதுசு. கிளிப்பெல்லாம் நேத்து போட்டது. கண்ணாடி மூடி புதுசு, பட்ட புதுசு. சுத்திலும் மாத்திருக்குது. உருண்ட வண்டி இது."

"ஐயோ இல்லீங்க," என்று மகாலட்சுமி முன்னால் வந்தாள். "எல்லாம் பழசுதான். ஹீட் கன்னு வச்சி நாங்கதான் கறுப்பாக்குனோம்."

"எல்லாரும் சொல்றதுதாம்மா இது. அக்கம்பக்கமும் சேந்துதான் சொல்லுவாங்க. வெயில்ல நின்ன பிளாஸ்டிக்கு இப்படியா இருக்கும்? ஒரு எடத்துலயாவது வெளுப்பு இருக்குதா, காட்டு."

எங்கே காட்டுவது? ஓர் இடம் விடாமல் செய்து வைத்திருந்தாளே!

"சரி, கியர் பாக்ஸ் போயி நின்னுச்சுன்னுதானே சொன்னாங்க?" என்று ராஜாங்கம் கோவிந்தசாமியிடம் திரும்பினார். "அத பிரிச்சதே கெடயாது. கம்பெனி சீலு அப்படியே இருக்குது. கியரு வெண்ணையாட்டம் விழுவுது. அப்ப இத்தினி நாளு எதுக்கு நின்னுச்சு? எங்கயோ அடிச்சிருக்காங்க. ஆளு கீளு போயிருக்கும். கேஸு ஆறட்டும்னு நிறுத்தி வச்சிருந்து, இப்ப நம்ம தலையில கட்டறாங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆளை அடித்த வண்டியா என்று யாரோ கேட்டார்கள். அரிகிருஷ்ணன் ஓர் அடி பின்னால் போனான். "வேணாண்ணே, போயிடலாம்" என்றான்.

மகாலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வந்தவர்கள் போய்விடுவார்கள், பேச்சு ஊர் முழுக்கப் பரவும், இனி ஒருத்தனும் இந்த வண்டியைக் கேட்டு வரமாட்டான். வண்டி அவனுக்கே நிற்கும். நீ பேசாதே என்றும் அவளால் சொல்ல முடியவில்லை, பேசு என்றும் சொல்ல முடியவில்லை. பேசுகிறதாக இருந்தால் எதைப் பேச வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைக் கேட்கக் கோவிந்தசாமி வேறு எதிரிலேயே நிற்கிறார்.

ராஜாங்கம் சாவியை நீட்டினார். பீமாராவ் வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் ஆள அடிச்சேன்னு சொல்லாதீங்க," என்றான். குரல் கம்மியது. "வண்டிக்கு ஒண்ணும் ஆவல. கியர் பாக்ஸுன்னு சொன்னது பொய். எனக்கு வலிப்பு இருக்குது. அதான் எடுக்கல. வெயில்ல நின்னு வெளுத்துச்சு, நேத்து என் பொண்டாட்டி சூடு காட்டி கறுப்பாக்குனா. அவ்ளோதான்."

கூட்டம் ஓர் அடி கிட்டே வந்தது.

"எப்பலேர்ந்து?" என்றார் கோவிந்தசாமி.

பீமாராவ் எழுந்து நின்றுகொண்டான். "மாமா, பனமலைக்கு காதுகுத்துக்கு போனமே. அங்க வந்துச்சு. எல்லாரும் மேல போயிருந்தாங்க. எழுந்து மூஞ்சி கழுவிக்கினு நான்தான் ஓட்டிக்கினு வந்தன்."

"பசங்கள வச்சிக்கினா?"

"ஆமா மாமா."

கோவிந்தசாமி டீ டம்ளரைக் காரின் மேலேயே வைத்தார். அவர் அடிப்பார் என்றுதான் மகாலட்சுமி நினைத்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டேண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

ராஜாங்கம் அரிகிருஷ்ணனிடம் திரும்பினார். "எடுத்துக்கடா அரி. வண்டி அடிபடலன்னு நாலு பேரு சத்தியம் பண்ணா நான் நம்பமாட்டன். தனக்கு வலிப்புன்னு எவனும் ஊரக் கூட்டிப் பொய் சொல்லமாட்டான்."

அரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறீங்களா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீ ஓட்டு தம்பி. நான் பக்கத்துல குந்திக்கறன்."

பீமாராவ் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்தான். அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே கிடையாது. சீட் யாருக்கோ தோதாகத் தள்ளி வைத்திருந்தது. மகாலட்சுமி பின்னால் ஏறிக்கொண்டாள். ராஜாங்கம் மறுபக்கக் கதவு வழியாக ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அரிகிருஷ்ணன் வண்டியை எடுத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பீமாராவின் வலது கால் தரையை மிதிப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். அங்கே பிரேக் இல்லை. புருஷனுடைய காலை வெட்டி எடுத்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, கால் இருக்கிறது, ஆள் இருக்கிறான் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

கூட்டுரோட்டில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. ஸ்டேண்டுக்கு நேராக வண்டி நின்றுவிட்டது. டிரைவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"ராவு! இன்னா ரிப்பேரு முடிஞ்சிடுச்சா? இடது பக்கம் ஒக்காந்திருக்கற?"

பீமாராவ் கண்ணாடியை இறக்கினான். "ரிப்பேரு வண்டிக்கு இல்லப்பா. எனக்கு வலிப்பு வருது. வண்டிய குடுத்துட்டன்." இந்தத் தடவை குரல் கம்மவில்லை.

வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த கோவிந்தசாமி எழுந்து வந்தார். ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார். கண் சிவந்திருந்தது.

"காலைல மாத்திர போட்டியா?"

"போட்டன் மாமா."

"அன்னிக்கி நீ பண்ணத நான் மறக்கமாட்டன்டா. எம் பொண்ணுகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்லுவன்?" என்றார். கையை எடுக்கவில்லை. "நாளைக்கு ஸ்டேண்டுக்கு வா. வூட்லயே கெடக்காத."

பீமாராவ் தலையை ஆட்டினான். பஸ் நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். அரிகிருஷ்ணன் அவசரமாக எடுக்கப் போய், வண்டி குலுங்கி அணைந்து நின்றது.

"பதறாத தம்பி," என்றான் பீமாராவ். "கிளட்ச்ச மெதுவா வுடு. இது கொஞ்சம் மேல வந்துதான் புடிக்கும்."